விரல்கள் எங்கே போயின?

தொழுநோய் வந்தவரின் விரல்கள் தாமாக அழுகி விழும் என்று உலகம் வெகுகாலம் நம்பியது. ஊர்மக்கள் மட்டுமல்ல, மருத்துவம் படித்தவர்களும் நம்பினார்கள். நோயாளியின் சதையே கெட்ட சதை, அதில் கத்தி வைத்தால் புண் ஆறாது, ஆகவே அறுவை சிகிச்சை வீண் என்பது அந்தக் காலத்து ஞானம்.

ஆனால் கையை உற்றுப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் உறுத்தியிருக்க வேண்டும். முக்கால்வாசி தேய்ந்து கட்டையாகிப்போன விரலின் முனையில்கூட நகம் ஒட்டிக்கொண்டிருக்கும். நுனி கழன்று விழுந்திருந்தால் நகமும் அதோடு போயிருக்கும். நகம் இருக்கிறது, விரல் மட்டும் குட்டையாகிவிட்டது. அப்படியானால் நடுவில் இருந்த எலும்பு எங்கே போனது? விரல் ‘விழவில்லை’, உள்ளே கரைந்திருக்கிறது. அடிபட்டு, புண்ணாகி, சீழ்பிடித்து, தொற்று எலும்புவரை இறங்கி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருக்கிறது. கிருமி தின்றது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்ததை உண்மையில் தின்றது அன்றாட வேலை. அடுப்பும், பூட்டும், சுத்தியலும், பீடியும்.

இதை நிரூபித்துக் காட்டிய ஆராய்ச்சியின் பெரும்பகுதி நடந்தது வேலூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும்தான்.

பால் பிராண்ட் பிறந்தது கொல்லிமலையில், 1914-ல். பெற்றோர் ஆங்கிலேய மிஷனரிகள். ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அவர் அங்கே இருந்தபோதே, 1929-ல், அப்பா மலையிலேயே கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். பையன் முதலில் மருத்துவம் படிக்கவில்லை. சில ஆண்டுகள் கட்டடத் தொழில் கற்றார். கல் அடுக்குவது, மரம் இழைப்பது எல்லாம் கைப்பழக்கம். பிறகுதான் லண்டனில் மருத்துவப் படிப்பு, குண்டுவீச்சுக் காலத்தில் அறுவை சிகிச்சைப் பயிற்சி. 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். அந்த மரவேலைப் பழக்கம் பின்னால் எவ்வளவு உதவப்போகிறது என்பது அப்போது அவருக்கே தெரிந்திருக்காது.

1947-ல் செங்கல்பட்டு அருகே திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கப் போனார். அங்கே பொறுப்பில் இருந்தவர் ராபர்ட் காக்ரேன், தோல் நோய் நிபுணர். நடந்துகொண்டே காக்ரேன் தோலில் தெரியும் படைகளையும் தடிப்புகளையும் விளக்கிக்கொண்டு வர, எலும்பு அறுவை மருத்துவரான பிராண்டின் கண் மட்டும் நோயாளிகளின் கைகளிலேயே நின்றது. மடங்கி, பறவையின் நகத்தைப் போல வளைந்த விரல்கள். ஏன் இப்படி ஆகிறது, இதற்கு என்ன செய்கிறீர்கள் என்று பிராண்ட் கேட்டார். காக்ரேனுக்குக் கோபமே வந்துவிட்டது. உங்களைப் போன்ற எலும்பு மருத்துவர்கள் யாரும் இதைத் திரும்பிப் பார்க்கவில்லை, தோல் மருத்துவன் நான் என்ன செய்ய முடியும் என்றார். போலியோவால் முடமானவர்களைவிடத் தொழுநோயால் முடமானவர்கள் அதிகம் என்று சொல்லியும் காட்டினார்.

அன்று பிராண்ட் ஒரு நோயாளியை நிறுத்தி, தன் கையைப் பிடித்து முடிந்தவரை அழுத்தச் சொன்னார். செயலிழந்த கை, பலமிருக்காது என்று எதிர்பார்த்தார். அந்த ஆள் அழுத்திய அழுத்தில் டாக்டருக்கு வலி பொறுக்கவில்லை. நகங்கள் உள்ளங்கையில் பதிந்தன. பிடித்தவர் முகத்திலோ ஒரு சலனமும் இல்லை, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

அந்த ஒரு கைகுலுக்கலில் இரண்டு செய்திகள் இருந்தன. ஒன்று, இந்தக் கையில் நல்ல தசைகள் மிச்சம் இருக்கின்றன. இரண்டு, இந்தக் கைக்கு வலி தெரியாது. முதல் செய்தியை வைத்து அறுவை சிகிச்சை பிறந்தது. இரண்டாவதன் முழுப்பொருள் புரியப் பல ஆண்டுகள் ஆயின. உண்மையைச் சொன்னால், இரண்டாவதுதான் பெரிய கண்டுபிடிப்பு.

முதலில் நரம்புகள். ஏன் சில தசைகள் மட்டும் செயலிழக்கின்றன, பக்கத்திலேயே இருக்கும் மற்றவை பிழைக்கின்றன? உறவினர் யாரும் உரிமை கோராத ஒரு நோயாளி இறந்துவிட்டதாகச் செங்கல்பட்டிலிருந்து செய்தி வர, பிராண்டின் குழு இரவோடு இரவாகக் கிளம்பிப் போய் உடலின் நரம்புகளைத் தோள் முதல் விரல்வரை, இடுப்பு முதல் பாதம்வரை திறந்து பார்த்தது. வீக்கம் எல்லா இடத்திலும் இல்லை. முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டுக்கு மேலே, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் அருகே, அதாவது நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடும் இடங்களில் மட்டும் வீங்கியிருந்தது. தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் உள்சூடு ஒத்துக்கொள்ளாது. சற்றுக் குளிர்ச்சியான இடத்தைத் தேடிப் பிடிக்கும் ஜீவன் அது. மூக்கும் காதுமடலும் பாதிக்கப்படுவதற்கும் அதுவே காரணம். வீக்கத்துக்கு முன்பே நரம்பிலிருந்து கிளை பிரிந்துவிடும் தசைகள் தப்பிக்கும். வீக்கத்தைத் தாண்டிக் கிளை வாங்கும் தசைகள் மடியும்.

கையில் இதன் விளைவு விசித்திரமானது. விரலை மடக்கும் வலுவான தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். உள்ளங்கைக்குள் இருக்கும் சின்னஞ்சிறு தசைகள்தான் செத்துப்போகும். விரல்களை நேராக வைத்துக்கொண்டு அடிமூட்டில் மட்டும் மடக்க உதவுபவை இவை. இவை போனதும் சமநிலை கெட்டு விரல்கள் கொக்கிபோல் வளைந்துவிடுகின்றன.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது தட்டில் சோறு பிசையும்போது தெரியும். சாதத்தைத் திரட்டி உருட்டி எடுக்கும் கையைக் கவனித்தால், விரல்கள் அடிமூட்டில் மடங்கி நுனிவரை நேராக இருக்கும், கட்டைவிரல் எதிரே வந்து தாங்கும். கொக்கி விரல்களால் அது முடியாது. வாரலாம், அவ்வளவுதான், பாதி இடுக்கில் வழிந்துவிடும். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட முடியாத கை ஊரில் எதற்கும் முடியாத கை.

முன்கையின் நல்ல தசைகளிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கினால் என்ன? ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைநாண்கள் உண்டு. ஒன்றை எடுத்துக்கொண்டாலும் விரல் சமாளிக்கும். அப்படி எடுத்த நாணை நான்கு இழையாகப் பிரித்து, உள்ளங்கை வழியே செலுத்தி, நான்கு விரல்களின் பக்கவாட்டில் தைத்துவிடலாம். போலியோவிலும் போர்க்காயங்களிலும் இந்த மாதிரி நாண்மாற்று முறைகள் ஏற்கெனவே நடைமுறையில் இருந்தன. தொழுநோயாளிக்கு யாரும் செய்யத் துணியவில்லை, அவ்வளவே. 1948-ல் வேலூரில் தொடங்கினார்கள். புண் ஆறுமா என்பதே முதல் பயம். மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறியது. கெட்ட சதை என்ற கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். கதைகள் அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை என்பது வேறு விஷயம்.

அறுவை சிகிச்சைகள் பற்றி எழுதுபவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். வேலை இங்கேதான் ஆரம்பம். மூன்று வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்தால், கையின் உடைமைக்காரருக்கே அதை எப்படி இயக்குவது என்று தெரியாது. நேற்றுவரை ஒரு விரலை மடக்கிய தசை இன்று நான்கு விரல்களை நேராக்க வேண்டும். மூளை பழைய கட்டளையையே அனுப்பிக்கொண்டிருக்கும். மற்ற நோயாளிகளுக்கு விரல் அசையும் உணர்வாவது வழிகாட்டும். மரத்துப்போன கையில் அதுவும் குறைவு. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். மெழுகு ஒத்தடம், எண்ணெய் தேய்ப்பு, விரலை நேராக வைத்துக்கொண்டு அடிமூட்டை மட்டும் மடக்கும் பயிற்சி, பிறகு சின்னப் பொருள்களை எடுப்பது, வைப்பது, கடைசியாகக் கருவிகளைப் பிடிப்பது. இப்படிப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி என்ற துறையே இந்தியாவில் அப்போதுதான் முளைவிட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர் பம்பாயில் முதல் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது 1950-ல்.

கை சரியானது. ஆனால் சில நோயாளிகள் திரும்பி வந்து பிராண்டிடம் குறைபட்டுக்கொண்டார்கள். கை நேரானதும் பிச்சை விழவில்லை! முன்பு வளைந்த விரல்களைப் பார்த்து இரக்கப்பட்டுக் காசு போட்டவர்கள் இப்போது போடுவதில்லை. வேலை கேட்டுப் போனால், முகத்தில் நோயின் அடையாளம் இருக்கிறது என்று யாரும் சேர்த்துக்கொள்வதுமில்லை. மருத்துவமனையின் கணக்கில் இவை வெற்றிகரமான அறுவை சிகிச்சைகள். நோயாளியின் கணக்கில் வருமான இழப்பு. மறுவாழ்வு ஆராய்ச்சியின் நடுநாயகமான கேள்வியை இதைவிடக் கூர்மையாக யாரும் கேட்டுவிட முடியாது: எதை வைத்து வெற்றியை அளப்பது? மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்பதை வைத்தா, அந்த ஆள் என்ன செய்து பிழைக்கிறார் என்பதை வைத்தா?

பதிலாக எழுந்தது நவ ஜீவ நிலையம். 1951-ல் கல்லூரி வளாகத்தில் மண்சுவர்க் குடிசைகளாகக் கட்டப்பட்ட ஒரு சிறு கிராமம். கை சரியான இளைஞர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை கற்றார்கள், மரப் பொம்மைகள் செய்தார்கள். கட்டடத் தொழில் கற்ற டாக்டரே பட்டறையில் நின்று சொல்லிக்கொடுத்தார். அந்தப் பட்டறை தொழில் கற்கும் இடமாக இருந்ததோடு, யாரும் திட்டமிடாமலே ஓர் ஆய்வுக்கூடமாகவும் ஆனது. ஏனென்றால் நல்ல உழைப்பாளிகளான அந்த இளைஞர்களின் கைகளில் தினமும் புதுப்புதுப் புண்கள்.

எங்கிருந்து வருகின்றன? நோய் மீண்டும் தலைகாட்டுகிறதா? ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடுவது என்று முடிவு செய்தார்கள். இரத்தம் சொட்டச் சொட்டச் சுத்தியல் பிடித்திருந்த ஒருவரின் கைப்பிடியில் சிலாம்பு இருந்தது. விரல்களுக்கிடையே எரிகாயம் பட்டவர் பீடி பிடித்திருந்தார். வரிசையாகக் கொப்புளம் வந்தவர் சூடான தம்ளரைத் தூக்கியிருந்தார். துருப்பிடித்த பூட்டு ஒன்றை டாக்டர் திறக்க முடியாமல் திணறியபோது ஒரு சிறுவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்தான். தரையில் இரத்தத் துளிகள். சாவியின் விளிம்பு அவன் விரலை எலும்பு தெரிய அறுத்திருந்தது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. அந்தச் சிறுவனுக்கு அசுர பலம் ஒன்றும் இல்லை. நாமும் அவ்வளவு அழுத்தம் கொடுக்கக்கூடியவர்கள்தான். வலி நம்மைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறது.

ஒரு புதிர் மட்டும் விடுபடவில்லை. சிலர் காலையில் எழும்போது விரலில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். இரவு படுக்கும்போது முழுதாக இருந்த விரல். இதற்கு வேலையைக் குற்றம் சொல்ல முடியாது. இரவில் கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தபோது விடை கிடைத்தது. எலி. தூங்கும் ஆளின் விரலை எலி முகர்ந்து பார்க்கிறது, மெல்லக் கடித்துப் பார்க்கிறது, கை அசையவில்லை என்றதும் சாவகாசமாகத் தின்கிறது. அதற்குப் பிறகு வேலூரில் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு மருந்தோடு ஒரு பூனையும் கொடுத்து அனுப்பப்பட்டது. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு மலிவான, இவ்வளவு பொருத்தமான பரிந்துரை குறைவு.

காரணம் தெரிந்ததும் கருவிகள் மாறின. கைப்பிடிகள் தடிமனாக, வழவழப்பாக. தம்ளருக்கு உறை. நீளக் காம்பு வைத்த கரண்டி. மாலையில் ஒவ்வொருவரும் கையை நீட்டிக் காட்ட வேண்டும். எங்காவது சூடு, சிவப்பு, வீக்கம் தெரிந்தால் காரணம் கண்டுபிடிக்கும்வரை அந்த வேலை நிறுத்தம். புதிய மருந்து எதுவும் இல்லாமலே விரல்கள் குட்டையாவது குறைந்தது.

இதே காலத்தில் மறுவாழ்வுத் துறைக்கு வேலூர் கொடுத்த இன்னொரு பெயர் மேரி வர்கீஸ். கொச்சியில் பிறந்தவர், வேலூரில் படித்து மருத்துவரானவர். 1954 ஜனவரி 30 அன்று நடந்த வண்டி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டேதான் செய்கிறார்கள், சக்கர நாற்காலி அதற்குத் தடையில்லை என்று பிராண்ட் எடுத்துச் சொன்னார். மேரி வர்கீஸ் நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளை அறுத்துத் தைத்தார். பிறகு நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் மறுவாழ்வு மையத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரின் மறுவாழ்வுத் துறையை நடத்தினார். வேலூரை அடுத்த பாகாயத்தில் 1966-ல் திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அந்த முயற்சியில் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு எதைக் கற்றுத்தர வேண்டும் என்று யோசிக்க, அதிலேயே வாழ்பவர் ஒருவர் தலைமையில் இருந்தது தற்செயல்தான். ஆனால் எல்லா மறுவாழ்வு மையங்களும் திட்டமிட்டே செய்யவேண்டிய தற்செயல் அது.

கை இப்படி என்றால் பாதத்தின் கதை இன்னும் சிக்கல். பாதத்தில் முள் குத்தினால், ஆணி ஏறினால் காரணம் தெரிகிறது. எதுவும் குத்தாமல், நல்ல சாலையில், செருப்புப் போட்டு நடந்தவருக்கும் ஏன் உள்ளங்காலில் குழி விழுகிறது?

பிராண்ட் 1960களில் அமெரிக்காவின் லூசியானாவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு இதைத் துருவிப் பார்த்தார். எலியின் பாதத்தில் ஓர் இயந்திரம் மிதமான அழுத்தத்தை மீண்டும் மீண்டும் கொடுக்கும். ஒருமுறை கொடுத்தால் ஒன்றுமே ஆகாத அழுத்தம். நாளுக்குப் பல்லாயிரம் முறை கொடுத்தபோது முதல் நாள் லேசான சிவப்பு. அடுத்தடுத்த நாள்களில் அழற்சி ஏறி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் புண். புண்ணுக்குப் பலத்த அடி தேவையில்லை, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் சின்ன அடிகள் போதும். நலமான மனிதர் பல மைல் நடக்கும்போது தம்மையறியாமலே பாதத்தைச் சாய்ப்பார், எடையைக் குதிகாலிலிருந்து பக்கத்துக்கு மாற்றுவார், லேசாக நொண்டவும் செய்வார். கார்விலில் வெப்பப்படக் கருவி வைத்துப் பார்த்தபோது இது கண்ணுக்கே தெரிந்தது. மரத்துப்போன பாதத்துக்காரர் மட்டும் முதல் அடியைப் போலவே ஆயிரமாவது அடியையும் அதே இடத்தில் வைப்பார். சீரான நடை அவருக்கு நோய்.

சிகிச்சை இரண்டு வழியில் வந்தது. ஆறாத புண்ணுக்கு மாவுக்கட்டு. பாதத்தின் ஒவ்வொரு மேடுபள்ளத்தோடும் ஒட்டியபடி, முழங்காலுக்குக் கீழ்வரை கட்டி, அதோடு நடக்கவும் விட்டுவிடுவது. எடை ஒரே புள்ளியில் விழாமல் கால் முழுக்கப் பரவும். இந்த முறையை 1930களில் கையாண்டவர்களில் ஒருவர் கொழும்பின் மில்ராய் பால், இலங்கைத் தமிழர், அங்கே அறுவை சிகிச்சைத் துறையின் முதல் பேராசிரியர். வேலூர் வழியாக அது அமெரிக்கா போய்ச் சேர்ந்தது.

மற்றது செருப்பு. புண் ஆறிய காலுக்கு எதைப் போடுவது? மரம், மெழுகு, பிளாஸ்டிக் என்று பலதையும் முயன்று கடைசியில் நுண்குமிழ் ரப்பரில் (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) வந்து நின்றார்கள். மருத்துவமனை வட்டாரத்தில் எம்.சி.ஆர். செருப்பு என்றால் எல்லோருக்கும் தெரியும். ரப்பர் மிருதுவாக இருந்தால் அமுங்கி எலும்பு தரையைத் தொடும், கடினமாக இருந்தால் குத்தும். ஏறத்தாழ 15 டிகிரி ஷோர் என்ற கடினம்தான் சரி என்று கண்டுபிடித்தார்கள். வேலூருக்கு அருகே கரிகிரியில், 1955-ல் தொடங்கிய ஷீஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இந்தச் செருப்புக்கும் நாண்மாற்று சிகிச்சைக்கும் நாடெங்கும் பெயர் பெற்றது.

அறிவியலில் ஜெயித்த இந்தச் செருப்பு, தெருவில் தோற்றது. கறுப்பாக, கனமாக, பின்வாரோடு இருந்த செருப்பைப் பார்த்ததும் ஊரே கண்டுகொள்ளும், இவருக்கு அந்த நோய் என்று. மறைக்க முடியாத சீட்டைக் காலில் கட்டிக்கொண்டு திரிய யார் விரும்புவார்? பலர் வாங்கி வீட்டில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார்கள். பாதத்தைக் காக்கும் பொருளைப் பாதமே ஒதுக்கிய விஷயம் இது. பின்னால் வந்தவர்கள் கடைச் செருப்பைப் போலவே தோற்றமளிக்கும் வடிவங்களில் அதே ரப்பரை உள்ளே வைக்க ஆரம்பித்தார்கள்.

இனிப் பிராண்டின் தோல்வி. வெற்றிகளைவிட அதிலிருந்துதான் இந்தத் துறை அதிகம் கற்றது என்று தோன்றுகிறது.

வலி இல்லாததுதான் பிரச்சினை என்றால் செயற்கையாக ஒரு வலியைச் செய்து கொடுத்துவிடலாமே! அமெரிக்க அரசு நிதி கொடுத்தது. பொறியாளர்கள் கையுறையிலும் காலுறையிலும் அழுத்தமானிகளைப் பதித்தார்கள். அழுத்தம் வரம்பைத் தாண்டினால் காதில் ஒலி கேட்கும். நோயாளிகள் கேட்டார்கள், புரிந்துகொண்டார்கள், வேலையைத் தொடர்ந்தார்கள். ஒலி போதவில்லை என்று மின்னதிர்ச்சிக்குப் போனார்கள். விரல்களில் உணர்வு இல்லை, ஆகவே உணர்வு மிச்சமிருக்கும் அக்குளில் அதிர்ச்சி கொடுக்கும்படி அமைத்தார்கள். அது வலித்தது, நிஜமாகவே வலித்தது. அப்போதும், ஒரு திருகாணியை முடுக்க வேண்டும் என்றால் நோயாளி என்ன செய்தார்? கருவியை அணைத்துவிட்டு முடுக்கினார், பிறகு மீண்டும் போட்டுக்கொண்டார். திட்டம் கைவிடப்பட்டது.

அவர்கள் பிடிவாதக்காரர்கள் அல்ல, அறிவில்லாதவர்களும் அல்ல. அணைக்க முடிந்த எச்சரிக்கையை நாம் எல்லோருமே அணைப்போம். நம் நரம்புகளில் அந்த விசை வைக்கப்படவில்லை.

இது தொழுநோயோடு நின்ற பாடமாக இருந்திருந்தால் மருத்துவ வரலாற்றில் ஒரு பக்கத்தோடு முடிந்திருக்கும். சர்க்கரை நோய் வந்தது. நெடுநாள் சர்க்கரை இருந்தால் பாதத்தின் நரம்புகள் மரக்கின்றன; அதே உள்ளங்கால் குழிப்புண், அதே தொற்று, கடைசியில் விரலோ காலோ எடுக்க வேண்டிய நிலை. கார்விலின் ஆட்கள் சர்க்கரை நோயாளியின் பாதத்தைப் பார்த்ததும் இது தங்களுக்குத் தெரிந்த பாதம் என்று அடையாளம் கண்டார்கள். நைலான் இழை ஒன்றை வளையும்வரை பாதத்தில் அழுத்தி, உணர்வு தெரிகிறதா என்று கேட்கும் சோதனையை இன்று உலகெங்கும் செய்கிறார்கள். 10 கிராம் விசைக்கு வளையும் இழையை உணராதவரின் பாதம் தன்னைக் காத்துக்கொள்ளாது என்ற எல்லைக்கோடு, கார்விலில் 1980களில் நடந்த ஆய்விலிருந்து வந்தது.

மாவுக்கட்டும் அப்படியே சர்க்கரை நோயாளியின் காலுக்கு இடம் மாறியது. 2001-ல் டேவிட் ஆம்ஸ்ட்ராங்கின் குழு அமெரிக்காவில் மூன்று முறைகளை ஒப்பிட்டது. 12 வாரத்தில் மாவுக்கட்டுப் போட்டவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது. கழற்றி மாட்டக்கூடிய நவீன பூட்ஸ் போட்டவர்களில் 65 சதவீதம், பாதிச் செருப்புப் போட்டவர்களில் 58 சதவீதம். ஆய்வுக்கூட அளவீட்டில் அந்த பூட்ஸ் அழுத்தத்தைக் குறைப்பதில் மாவுக்கட்டுக்குச் சளைத்ததல்ல. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? நோயாளிகளின் இடுப்பிலும் பூட்ஸிலும் தனித்தனியாக அடி எண்ணும் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். பூட்ஸை அவர்கள் மொத்த நடையில் 28 சதவீதத்துக்கு மட்டுமே போட்டிருந்தார்கள். கடைக்குப் போகப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் கழற்றி வைத்திருக்கலாம். அடுக்களைக்கும் கழிப்பறைக்கும் நடப்பதும் நடைதான் என்பது பாதத்துக்கு மட்டும் தெரியும், பாதமோ பேசாது.

2005-ல் அதே குழு செய்த அடுத்த சோதனை நகைச்சுவைக்கு அருகில் வருகிறது. இரண்டு பிரிவினருக்கும் அதே பூட்ஸ். ஒரு பிரிவுக்கு மட்டும் அதன்மேல் கட்டுத்துணியைச் சுற்றிக் கழற்ற முடியாமல் செய்தார்கள். 12 வாரத்தில் கழற்ற முடியாதவர்களில் 83 சதவீதம் பேருக்கு ஆறியது, கழற்ற முடிந்தவர்களில் 52 சதவீதம். பொருள் ஒன்று, மருந்து ஒன்று, மாறியது ஒரு சுற்றுத் துணி. அக்குளில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு ஆச்சரியமளித்திருக்காது.

நாள்தோறும் பாதச் சூட்டை அளந்து பார்க்கச் சொன்ன ஆய்வுகளும் நடந்தன. இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தில் அளந்து, வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் நடையைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. அப்படிச் செய்தவர்களுக்குப் புதுப் புண்கள் கணிசமாகக் குறைந்தன. நவ ஜீவ நிலையத்தில் மாலைதோறும் கையைத் தொட்டுப் பார்த்த பழக்கத்தைத்தான் வெப்பமானி இங்கே செய்கிறது.

செருப்பும் திரும்பி வந்தது. சென்னையில் சர்க்கரை நோயாளிகளிடம் விஜய் விஸ்வநாதனின் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வில், எம்.சி.ஆர். உள்ளிட்ட மிருதுவான உள்தளச் செருப்புகள் போட்டவர்களில் புதுப் புண் வந்தவர்கள் நூற்றுக்கு 4 பேர். சொந்தச் செருப்பையே போட்டவர்களில் 33 பேர். தொழுநோயாளி போட வெட்கப்பட்ட ரப்பரைச் சர்க்கரை நோயாளி கேட்டு வாங்குகிறார். ரப்பர் மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த கதைதான் மாறியது.

தொழுநோய்க்குக் கூட்டு மருந்து 1981-ல் பரிந்துரைக்கப்பட்டது. 1995 முதல் உலகெங்கும் இலவசம். 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கைத் தொட்டுவிட்டதாக 2005 டிசம்பரில் இந்தியா அறிவித்தது. ஆனாலும் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் புதிய நோயாளிகள் இங்கே கண்டறியப்படுகிறார்கள், உலகக் கணக்கில் பாதிக்கும் மேல். மருந்து கிருமியைக் கொல்லும். மரத்த நரம்பைத் திரும்பக் கொடுக்காது. சிகிச்சை முடிந்தவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட பிறகும் அதே கையோடு அடுப்படிக்குப் போகிறார். அவருக்கு வேண்டியது தினமும் கைகாலைத் தண்ணீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, ஈரம் போகாமல் எண்ணெய் தடவுவது. வெடிப்பு விழாது, வெடிப்பு இல்லாவிட்டால் தொற்று நுழையாது. இதைச் சொல்லித்தர மருத்துவர் தேவையில்லை. ஆனால் வாரம் தவறாமல் வந்து கையைத் திருப்பிப் பார்க்க ஒருவர் தேவை.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர். பாத உணர்வை நைலான் இழையால் சோதிக்க இரண்டு மூன்று நிமிடம் போதும், இழையின் விலையும் அற்பம். நோயாளியின் செருப்பைக் கழற்றச் சொல்வதுதான் அந்தச் சோதனையில் அதிக நேரம் பிடிக்கும் வேலை.